ஏறி இறங்கும் தண்ணீர்

கோவை மாவட்டத்து ஆனைமலையில், உயரத்தில் கடம்பாறை அணையும் அதற்குச் சுமார் 380 மீட்டர் கீழே மேல் ஆழியாறு அணையும் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் மின் நிலையம் வெளியே கண்ணில் படாது. பாறையைக் குடைந்து மலைக்குள்ளேயே கட்டியிருக்கிறார்கள். தலா 100 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள் அங்கே உள்ளன. முதல் இயந்திரம் 1987-இல் ஓடத் தொடங்கியது.

புனல் மின்சாரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: தண்ணீரின் அளவு, அது விழும் உயரம். கடம்பாறையிலிருந்து 1,000 லிட்டர் தண்ணீர் இறங்கினால் ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கும். அதே ஒரு யூனிட்டுக்கு மேட்டூர் அணையடி மின் நிலையத்தில் பல மடங்கு தண்ணீர் வேண்டும்; அங்கே உயரம் குறைவு. தவிர, மேட்டூரில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்தால்தான் மின்சாரம். மதகை மூடிவிட்டால் இயந்திரமும் நின்றுவிடும்.

கடம்பாறை அப்படிக் காத்திருப்பதில்லை. மாலையில் ஊரெல்லாம் விளக்கு எரியும் நேரத்தில் மேல் அணைத் தண்ணீர் குழாய்களில் பாய்ந்திறங்கி டர்பைன்களைச் சுழற்றும். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அதே இயந்திரங்கள் எதிர்த்திசையில் சுழன்று பம்புகளாக மாறும். கீழே போன தண்ணீர் மறுபடி மேலே ஏறும். இதனால்தான் இதற்கு நீரேற்று மின் நிலையம் என்று பெயர்.

இதில் லாபக் கணக்கு பார்த்தால் நஷ்டம்தான் தெரியும். ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கே திரும்பக் கிடைக்கிறது. ஆனால் கணக்கை நேரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை, தேவை குறைந்த நள்ளிரவிலும் சுழல்கின்றன. சூரிய மின்சாரமோ நண்பகலில் குவிந்து, பொழுது சாய்ந்ததும் இல்லாமல் போகிறது. அனல் மின் நிலையத்தை நினைத்த மாத்திரத்தில் கூட்டிக் குறைக்க முடியாது; கொதிகலன் சூடேறவே பல மணி நேரம் பிடிக்கும். தண்ணீருக்குச் சில நிமிடங்கள் போதும். வீணாகப் போயிருக்கும் மின்சாரத்தை நள்ளிரவில் வாங்கி, தட்டுப்பாடான மாலையில் முக்கால் பங்காகக் கொடுப்பது பெரிய ஆதாயமே.

காற்றையும் வெயிலையும் நம்பி மின்சாரம் எடுக்க எடுக்க, இத்தகைய சேமிப்பின் தேவையும் கூடுகிறது. அதற்காகவே நீலகிரியின் குந்தாவில், போர்த்திமந்து, அவலாஞ்சி–எமரால்டு நீர்த்தேக்கங்களை இணைத்து 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம் மேற்கொள்ளப்பட்டிருக்கிறது.