ஜக்கெற் வாங்கப் போன நாள்

நத்தாருக்கு மறுநாளான டிசெம்பர் 26ஆம் திகதியைக் கனடாவில் 'பொக்ஸிங் டே' என்பார்கள். அன்று கடைவாசல்களில் நிற்கும் சனத்தைப் பார்த்தால் நல்லூர்த் தேர்தான் நினைவுக்கு வரும். இப்போது நவம்பர் கடைசியிலேயே மலிவு விற்பனை தொடங்கிவிடுகிறது; வீட்டிலிருந்தபடியே கணினியிலும் வாங்கலாம். எனினும் பொக்ஸிங் டே வரிசைகள் இன்னும் மறைந்துவிடவில்லை. புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்காக எங்கள் முதல் அனுபவத்தை இங்கே சொல்கிறோம்.

நாங்கள் ஸ்காபரோவுக்கு வந்தது 1998ஆம் ஆண்டு ஓகஸ்ற்றில். மூத்தவளுக்கு அப்போது எட்டு வயது. யாரோ தந்த பழைய ஜக்கெற்றைத்தான் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அதன் சிப் உடைந்திருந்ததால் ஊக்குக் குத்தி அனுப்புவோம். பொக்ஸிங் டேயில் நல்ல ஜக்கெற் ஒன்று வாங்கித் தருகிறோம் என்று சொல்லி, 80 டொலரைத் தனியாக எடுத்து வைத்திருந்தோம்.

விடியற்காலை ஐந்து மணிக்கே வரிசையில் நின்றோம். கதவு திறந்ததும் சனம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்த் தொலைக்காட்சிப் பெட்டிகள் இருந்த பக்கம் விட்டது. விளம்பரத்தில் போட்டிருந்த மலிவுப் பெட்டி சில நிமிடங்களிலேயே முடிந்துவிட்டது. பக்கத்தில் 500 டொலருக்கு இன்னொன்று இருந்தது. "இப்போது கொண்டுபோங்கள், பணத்தை ஓராண்டு கழித்துக் கட்டுங்கள்" என்றார் விற்பனையாளர். சின்ன எழுத்தில் இருந்ததை வாசிக்க எங்களுக்கு அவ்வளவு ஆங்கிலமும் இல்லை, அந்த நெரிசலில் நேரமும் இல்லை. கையெழுத்து வைத்த பிறகுதான், வரியை உடனே கட்ட வேண்டும் என்றார்கள். அன்றைய 15 வீத வரி 75 டொலர். ஜக்கெற்றுக்கு வைத்திருந்த காசு அதற்கே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கினோம். மூத்தவள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, என்ரை ஜக்கெற் எங்கை?" என்று கேட்டாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோமே தவிர, ஒரு பதிலும் சொல்லவில்லை.

அதோடு முடியவில்லை. அடுத்த டிசெம்பரில் வாடகை, ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு, சீட்டுக் காசு எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. தவணை நாளை மூன்று வாரம் தவறவிட்டோம். ஓராண்டு வட்டியில்லை என்று நம்பியிருந்த எங்களுக்கு, வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிட்டுக் கடிதம் வந்தது. கட்டி முடித்தபோது அந்தப் பெட்டிக்கு 700 டொலருக்கு மேல் கொடுத்திருந்தோம்.

இதிலிருந்து நாங்கள் கற்றவை சில. தேவையானவற்றை வீட்டிலேயே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வரை கொடுக்கலாம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் எழுதியிருக்கும் விலை முழு விலை அல்ல. வரி காசாளரிடம்தான் சேரும். ஒன்ராறியோவில் இன்று பெரும்பாலான பொருட்களுக்கு வரி 13 வீதம். பிள்ளைகளின் உடுப்புக்கும் சிறிய அளவுச் சப்பாத்துக்கும் 5 வீதம் மட்டுமே. வேறு அளவு எடுத்துவிட்டால் மாற்றலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். பழுதில்லாத பொருளைத் திருப்பி எடுக்கக் கடைக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. அது கடையின் விதியைப் பொறுத்தது. ஆகவே முதலே கேளுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கடனட்டையில் வாங்கினால் அந்த மாதக் கணக்கை முழுவதும் கட்டக்கூடிய அளவுக்கே வாங்குங்கள். பெரும்பாலான அட்டைகளில் ஆண்டு வட்டி 20 வீதமளவில் இருக்கும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் மலிவாக வாங்கியதன் இலாபம் சில மாதங்களில் கரைந்துவிடும்.

குளிர் உடுப்பு வாங்க மட்டும் இந்த நாள் உண்மையிலேயே நல்ல நாள். கடைக்காரர் விற்றுத் தீர்க்க நினைப்பார். எங்களுக்கோ ஜனவரி, பெப்ரவரிக் கடுங்குளிர் இனித்தான் வரவிருக்கும். வளரும் பிள்ளைக்கு ஓர் அளவு பெரிதாக எடுத்தால் அடுத்த ஆண்டும் உதவும்.

1999இல் மறுபடியும் போனோம். கையில் ஒரு தாள், அதில் இரண்டே வரிகள்: ஜக்கெற், பனிச் சப்பாத்து. தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்தோம். மூத்தவள் அன்று முழுவதும் வீட்டுக்குள்ளேயே அந்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். அவளுக்குச் சிறிதானபின் தம்பி இரண்டு பனிக்காலம் அதைப் போட்டான்.