ரசம் பூசிய முகங்கள்

முகக் கோடுகளைப் போக்க ஊசியும் கத்தியும் இல்லாத வழி தேடும் மும்பைத் தமிழர்களுக்குக் கிடைப்பவை சில நல்ல மருந்துகள், பல ஏமாற்றுகள், ஒன்றிரண்டு விஷங்கள்.

மாட்டுங்கா மார்க்கெட்டில் மாலை வேளையில் பூ வாங்க நின்றால், தலைக்கு மேலே போர்டுகளைப் படித்துக்கொண்டிருக்கலாம். ஸ்கின் கிளினிக், பியூட்டி கிளினிக், லேசர் சென்டர். செம்பூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலும் இதே காட்சிதான். தாராவியின் 90 அடி சாலையில் இத்தனை போர்டுகள் இல்லை. வளையலும் பொட்டும் விற்கும் ஃபேன்ஸி ஸ்டோரில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா அந்த வேலையைச் செய்கிறது. மூன்று இடங்களிலும் உறுதிமொழி ஒன்றே: ஊசி கிடையாது, கத்தி கிடையாது, வலி கிடையாது. கண்ணோரக் கோடும் நெற்றிச் சுருக்கமும் காணாமல் போகும்.

இதற்கு ஆங்கிலத்தில் ‘நான்-இன்வேசிவ்’ என்று பெயர். விளம்பரப் பிரசுரம் ஒன்றில் இந்தச் சொல்லை ‘உடலைத் துளைக்காத’ என்று நான் தமிழாக்கிக் கொடுத்தபோது, அது திருத்தப்பட்டு ‘பக்க விளைவற்ற’ என்று அச்சானது. மொழிபெயர்ப்பாளர் வாழ்க்கையில் இது சகஜம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உடலைத் துளைக்காத ஒன்று உடலுக்குள் போகாது என்று எந்த நிச்சயமும் இல்லை.

மகாராஷ்டிரத்தின் அகோலா நகரில் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது இதற்குச் சாட்சி. வீட்டின் இளம்பெண் உள்ளூர் அழகு நிலையத்தில் கிடைத்த ஒரு கிரீமைப் பூச ஆரம்பித்தார். முகம் பளிச்சென்று ஆயிற்று. பார்த்த தாயும் சகோதரியும் அதையே பூசிக்கொண்டார்கள். 2022-இல் மூவருக்கும் சிறுநீரகம் கெட்டது. இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய சல்லடைகள் பழுதாகும் நோய். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு, அதுவும் அடுத்தடுத்து ஏன் வரவேண்டும்? மும்பை பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையின் சிறுநீரகத் துறை டாக்டர் துக்காராம் ஜமாலேயும் சக மருத்துவர்களும் காரணத்தைத் தேடிக்கொண்டே போய், கடைசியில் கிரீமில் வந்து நின்றார்கள். சோதித்தபோது அதில் அளவுக்கு மீறிய பாதரசம் இருந்தது.

பாதரசம் தமிழர்களுக்குப் புதிதல்ல. அதைக் கட்டி மணியாக்க சித்தர்கள் பட்ட பாட்டைப் பற்றி எத்தனையோ பாடல்கள் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் பூசியதும் ரசம்தான். முகம் தெரியாத பழைய கண்ணாடியை இன்றும் ‘ரசம் போன கண்ணாடி’ என்கிறோம். கண்ணாடிக்குப் பின்னால் இருக்க வேண்டியது, கண்ணாடிக்கு முன்னால் நிற்பவரின் முகத்துக்கு வந்ததுதான் கோளாறு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உற்பத்தியை அது தடுக்கிறது. சில வாரங்களிலேயே முகம் வெளுக்கிறது, கரும்புள்ளிகள் மங்குகின்றன. அதே சமயம் தோல் வழியாக இரத்தத்துக்குப் போய் சிறுநீரகத்தில் தங்குகிறது. பூசியவரின் முகத்திலிருந்தும் தலையணை உறையிலிருந்தும் ஆவியாகி, பூசாத குழந்தையின் மூச்சிலும் கலக்கிறது. சிறுநீரில் நுரை, கால் வீக்கம், காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி உப்பல் ஆகியவை அறிகுறிகள். வீங்கிய முகத்தில் கோடு மறையத்தான் செய்யும்; அதைக் கிரீமின் வெற்றி என்று நினைத்துவிடக்கூடாது.

அது சிவப்பழகு கிரீம்தானே, சுருக்கத்துக்கான கிரீமுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். டப்பாவின் மேல் ஒட்டும் லேபிள்தான் வேறு. பாதரசம் கலந்த கிரீம்கள் தோலை வெளுக்கச் செய்பவை என்று மட்டுமல்ல, வயதின் புள்ளிகளையும் சுருக்கங்களையும் போக்குபவை என்றும் விற்கப்படுவதாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு மருத்துவமனைக்கு வந்த 22 சிறுநீரக நோயாளிகளை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ஒரு வகை நோய். அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்கச் செய்யும் கிரீம் பூசியவர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, கண்ணுக்கான பொருள்களைத் தவிர மற்றவற்றில் தற்செயலாகச் சேரும் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025-க்குள் அடியோடு ஒழிப்பதென்று மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் முடிவெடுத்தன. இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு. ஆனால் பாதரச டப்பா சட்டத்தின் வழியாகக் கடைக்கு வருவதில்லை. தயாரித்தவர் முகவரி இருக்காது, லைசென்ஸ் எண் இருக்காது, என்னென்ன கலந்தது என்ற பட்டியல் இருக்காது. அல்லது நமக்குப் படிக்கத் தெரியாத லிபியில் இருக்கும். பட்டியலில் ‘மெர்க்குரி’, ‘மெர்க்குரஸ்’, ‘கேலோமெல்’ என்று ஏதாவது தென்பட்டால் கீழே வைத்துவிட வேண்டும். பட்டியலே இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

பாதரசத்தைவிடச் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் ஆபத்து ஒன்று மருந்துக்கடையில் இருக்கிறது: ஸ்டீராய்டு களிம்பு. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் எல்லாம் எக்ஸிமா போன்றவற்றுக்கு, மருத்துவர் சொன்ன நாள்வரை போட வேண்டியவை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள், பார்லர் பெண் சொன்னாள் என்று முகத்தில் பூசினால் முதல் இரண்டு வாரம் அற்புதமாக இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரிய ஆரம்பிக்கும். பருவும் கன்னத்தில் முடியும் வரும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மறுபடி டியூபைத் தேடிப் போக வேண்டியிருக்கும். ‘ஸ்டீராய்டுக்கு அடிமையான முகம்’ என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அவர்களுடைய சங்கம் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்த பிறகு, 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதென்று மத்திய அரசு உத்தரவிட்டது. சீட்டைக் கேட்காத கடைக்காரர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மெலிந்த தோலில் கோடு சீக்கிரம் விழும் என்பது இதில் உள்ள கொடுமை.

சரி, உண்மையிலேயே பலன் தருவது எது? பதில் கொஞ்சம் சப்பென்று இருக்கும்: வெயிலைத் தடுப்பது.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் நாம்பூர் நகரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினரைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மற்றவர்கள் வழக்கம்போல இஷ்டப்பட்டால் பூசினார்கள். நாலரை ஆண்டுகள் கழித்துப் புறங்கைத் தோலை அச்செடுத்துப் பார்த்ததில், தினமும் பூசியவர்களின் தோலில் முதுமையின் அடையாளம் 24 சதவீதம் குறைவு. அதே ஆய்வில் சிலருக்கு பீட்டா கரோட்டீன் மாத்திரையும் கொடுத்தார்கள். அதனால் பயன் எதுவும் தெரியவில்லை. 2013-இல் வெளியான இந்த முடிவுக்கு முந்தைய ஆண்டு, அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 69 வயது லாரி டிரைவரின் படம் வந்தது. 28 வருடம் வண்டி ஓட்டியவர். முகத்தின் இடது பாதி மட்டும் ஆழமான மடிப்புகளோடு தொங்கிப்போயிருந்தது. அந்தப் பக்கம்தான் ஜன்னல். கண்ணாடி தடுக்காத ‘அல்ட்ரா வயலட் ஏ’ கதிர்களின் வேலை. நம் ஊர் டாக்ஸி டிரைவருக்கு வலது பக்கம்.

நமக்கு ஒரு சலுகை உண்டு. கறுப்புத் தோலின் மெலனின் இயற்கையான குடை. வெள்ளைக்காரர்களைவிட நமக்குக் கோடுகள் தாமதமாகத்தான் விழுகின்றன. கரும்படையும் மங்கும்தான் முதலில் வருகின்றன. அதனால் கோட்டுக்கு என்று கிளம்புகிறவர்களில் பலருக்கு உண்மையான பிரச்னை நிறம். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத, ‘பி.ஏ.’ என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியும் உள்ள சன்ஸ்கிரீன் போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுக்க வேண்டும், வெயிலில் இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை. கடுகளவு எடுத்துத் தேய்த்தால் டப்பாவில் போட்ட எண்ணுக்கு அர்த்தமில்லை. இப்படிப் பூசினால் டியூப் ஒரு மாதம் வருவதே அபூர்வம். செம்பூர் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகலாம். விடியற்காலை இட்லி அவித்து, பகலெல்லாம் தெருவில் நின்று விற்கும் தாராவிப் பெண்ணுக்கு ஆகாது. அவருக்குக் குடையும் முந்தானையும் நிழலும்தான். அவையும் வெயிலைத் தடுப்பவையே. பீடி, சிகரெட்டை விடுவதும் செலவில்லாத சிகிச்சை. புகை கொலாஜனைச் சிதைக்கும்.

அடுத்தது ட்ரெட்டினாயின். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த இந்தக் களிம்பைப் பருவுக்குப் போட்டுக்கொண்ட நடுவயதுப் பெண்கள், தோல் மிருதுவாகிறது என்று சொன்னதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் காதில் போட்டுக்கொண்டார். 1986-இல் அவர் ஆய்வு வெளியானது. 1995-இல் நுண்ணிய சுருக்கங்களுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கிளிக்மன் சாதாரண ஆள் அல்ல. பிலடெல்ஃபியா சிறைக் கைதிகளின் தோலில் சோதனைகள் நடத்திக் கெட்ட பெயர் எடுத்தவர். ஸ்டீராய்டு சேர்ந்த மூன்று மருந்துக் கலவையை 1975-இல் முன்வைத்தவரும் அவர்தான். அதன் வாரிசுகள்தான் இன்று மருந்துக்கடைகளில் சிவப்பழகு கிரீமாகக் கைமாறுகின்றன.

ட்ரெட்டினாயின் டியூப் சில நூறு ரூபாய். ஆனால் பொறுமை வேண்டும். முதல் சில வாரம் தோல் உரியும், எரியும். பட்டாணி அளவு எடுத்து, இரவில், முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் பூச வேண்டும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்தை எதிர்பார்ப்பவர்களும் தொடக்கூடாது. இதுவும் டாக்டர் சீட்டுக்கு உரியதே. கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ரெட்டினால் இதன் மென்மையான உறவினர். ‘கோல்டு ஃபேஷியல்’ போன்றவை தரும் பளபளப்பு ஈரத்தாலும் மசாஜாலும் வருவது. கல்யாண வரவேற்பு முடியும்வரை தாங்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காவிட்டால் நஷ்டமில்லை.

இயந்திரங்களுக்கு வருவோம். லேசர் ஒளியை மெலனின் ஈர்த்துச் சூடாகும் என்பதால், வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவை மாநிறத் தோலுக்கு வைத்தால் புண்ணும் மாதக்கணக்கில் போகாத கருமையும் மிஞ்சும். நீண்ட அலைநீளமுள்ள லேசர்கள் நமக்குப் பாதுகாப்பு. காதுக்குப் பின்னால் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். மேலோட்டமான கிளைகாலிக் அமில ‘பீல்’ தேர்ந்த கையில் நல்லதே. ரேடியோ அலைகள் நிறம் பார்க்காதவை, பலனும் சுமாரானது. அதோடு நுண்ணூசிகளைச் சேர்த்த கருவிகளால் தீக்காயம், தழும்பு, கொழுப்புக் கரைவு, நரம்புச் சேதம் ஏற்பட்டிருப்பதாக 2025 அக்டோபரில் அமெரிக்க நிர்வாகம் எச்சரித்தது. ‘மைக்ரோநீட்லிங்’ என்ற பெயரிலேயே ஊசி இருக்கிறது. இருந்தும் அதை ‘ஊசியில்லா சிகிச்சை’ வரிசையில் சேர்த்து விற்கிறார்கள். நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் லைசென்ஸ் இல்லாத ஒரு ஸ்பாவில் சொந்த இரத்தத்தைப் பயன்படுத்தும் இந்த வகை ஃபேஷியல் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. முதல் நோயாளி 2018-இல் கண்டுபிடிக்கப்பட்டார்.

இதற்கு எதிர்முனையில் போடாக்ஸ். அப்பட்டமான ஊசி. புருவ நடுக் கோட்டுக்கு 2002-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. பலன் மூன்று, நான்கு மாதம். அளவும் ஆபத்தும் எழுத்தில் இருக்கின்றன, போடுகிறவர் டாக்டராக இருக்க வேண்டும். பெயர் தெரியாத டப்பாவா, தேர்ந்த மருத்துவரின் ஊசியா என்று வந்தால், நான் ஊசியின் பக்கம்தான் சாய்வேன்.

யாரிடம் போவது? ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்ற பட்டத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வாரக் கணக்கில் கோர்ஸ் முடித்தவரும் அதைப் போட்டுக்கொள்ளலாம். பெயருக்குப் பின் எம்.டி. டெர்மட்டாலஜி, டி.டி.வி.எல்., டி.என்.பி. என்று இருக்கிறதா, மகாராஷ்டிர மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. பட்டறையிலோ யூ டியூபிலோ பார்த்துக் கற்றது அழகியல் சிகிச்சை தொடங்கப் போதாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் எழுத வேண்டி வந்திருக்கிறது.

தாராவிக்காரர்களுக்கு சயான் மருத்துவமனை கூப்பிடு தூரம். கேஸ் பேப்பர் எடுத்துக்கொண்டு தோல் பிரிவு வரிசையில் உட்கார ஒரு காலைப் பொழுது போகும். பஸ்ஸுக்கு ஆகிற காசைவிடச் செலவு அதிகம் ஆகாது. மாட்டுங்கா, செம்பூர்க்காரர்கள் அங்கே போகக் கூச்சப்படுவார்கள். அதற்குக் காரணம் கூட்டம் மட்டும் அல்ல. ஆனால் முகத்தில் எதையோ பூசி மாதக்கணக்காகிவிட்டவர்கள், எந்த மருத்துவரிடம் போனாலும், அந்த டப்பாவைத் துடைத்து எறியாமல் கைப்பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். பரேலில் டாக்டர்கள் தேடிக்கொண்டிருந்தபோது, அகோலா வீட்டின் மூன்று பெண்களுக்கும் பொதுவாக இருந்த விடை அப்படி ஒரு டப்பாவுக்குள்தான் இருந்தது.