இரண்டு மரங்கள் சொல்லும் கதை: சென் ஹெலினாத் தீவின் அனுபவம்

முற்றாக அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு மரத்தை மீண்டும் கண்டுபிடிப்பது அரிய நிகழ்வு. சென் ஹெலினாத் தீவின் வனத்துறையில் பணியாற்றிய ஜோர்ஜ் பெஞ்சமின், அவ்வாறான இரண்டு மர இனங்களைக் கண்டுபிடித்தார். அவற்றுள் ஒன்று இன்று ஆயிரக்கணக்கில் நடப்பட்டுள்ளது. மற்றையது உலகில் எங்குமே இல்லை. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

சென் ஹெலினா தென் அத்திலாந்திக் சமுத்திரத்தில், ஆபிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. பரப்பளவு 122 சதுர கிலோமீற்றர். மக்கள் சுமார் 4,000 பேர். பிரித்தானியாவின் ஆளுகைக்குட்பட்ட இத்தீவில்தான் நெப்போலியன் சிறைவைக்கப்பட்டு 1821இல் இறந்தார். தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை ஆங்கிலேயர் 1900ஆம் ஆண்டு எமது தியத்தலாவைக்கு அனுப்பியதைப் போலவே இங்கும் அனுப்பினர்.

போர்த்துக்கேயர் 1502இல் வந்தபோது இத்தீவில் மனிதர்களும் இல்லை, தரையில் வாழும் பாலூட்டிகளும் இல்லை. அவ்வழியே சென்ற மாலுமிகள், திரும்பி வரும்போது இறைச்சிக்கு உதவும் என்று ஆடுகளை விட்டுச் சென்றனர். ஆடுகள் பெருகி, முளைத்து வரும் கன்றுகளை மேய்ந்தன. பெரிய மரங்கள் நின்றதால் காடு இருப்பதாகவே தோன்றியது. அவை முதிர்ந்து விழுந்தபோது அவற்றின் இடத்தைப் பிடிக்க இளம் மரங்கள் இருக்கவில்லை. விறகுக்காக வெட்டப்பட்டவையும் ஏராளம்.

இவ்வாறு மறைந்தவற்றுள் ஒன்று ‘சென் ஹெலினா ஒலிவ்’. பெயர் ஒலிவ் என்றாலும் நாம் அறிந்த ஸைத்தூனுக்கும் இதற்கும் உறவில்லை. பெஞ்சமின் 1977இல் இதன் ஒரேயொரு மரத்தைக் கண்டார். 1980இல் அவரும் தாவரவியலாளர் குவென்டின் குரொங்கும், நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காணப்படாத ‘சென் ஹெலினா கருங்காலி’யின் இரண்டு செடிகளைச் செங்குத்தான பாறைச் சரிவொன்றில் கண்டனர். ஜோர்ஜின் சகோதரர் சார்லி கயிற்றில் இறங்கி அதன் கிளைத் துண்டுகளைக் கொண்டுவந்தார்.

கருங்காலியின் துண்டுகள் எளிதில் வேர்விட்டன. ஒலிவ் அவ்வாறல்ல. அதன் துண்டுகள் வேர்விடுவது அரிது. தன் சொந்த மகரந்தத்தால் அது பெரும்பாலும் விதை கொள்ளாது; மகரந்தம் தர வேறொரு மரம் வேண்டும், ஆனால் அப்படியொரு மரம் எஞ்சியிருக்கவில்லை. காட்டில் நின்ற அந்த மரம் 1994இல் பட்டுப்போனது. அதிலிருந்து பெற்ற கடைசிக் கன்றும் பங்கசு நோயினால் 2003இல் மடிந்தது. பராமரித்தவர்களிடம் அக்கறைக்குக் குறைவில்லை. அவர்களின் கையில் எஞ்சியிருந்தது மிகச் சொற்பம், அவ்வளவுதான்.

இதனால்தான் ஓர் இனம் நூற்றுக்கணக்கில் இருக்கும்போதே பாதுகாப்பைத் தொடங்க வேண்டும். அத்தீவில் மட்டுமே வாழும் ‘வயர்பேட்’ என்னும் பறவை தரையில் கூடு கட்டுவது. காட்டுப் பூனைகளைக் கட்டுப்படுத்தி அதன் வாழிடத்தைப் பேணியதால் எண்ணிக்கை மீண்டது. மிக ஆபத்தான நிலையிலிருந்த பறவைகளின் பட்டியலிலிருந்து 2016இல் அது இரண்டு படிகள் கீழே இறக்கப்பட்டது.

‘மக்களுக்கே ஆயிரம் தேவைகள் இருக்க, செடிகளுக்கு ஏன் செலவு?’ என்று சிலர் கேட்கலாம். அத்தீவின் உயர்ந்த மலைமுகடுகளில் உள்ள மரப்பன்னங்களும் ஏனைய மரங்களும் மூடுபனியைப் பிடித்து நீராக நிலத்துக்குள் இறக்குகின்றன. மக்கள் குடிக்கும் நீரில் பெரும்பங்கு அந்த மலைகளிலிருந்தே வருகிறது. கயிறு திரிப்பதற்காக நியூசிலாந்திலிருந்து கொண்டுவந்த நார்ச்செடி அம்மலைகளில் பெரும்பகுதியை மூடியது. 1960களில் அத்தொழில் வீழ்ந்த பின்னரும் செடி அகலவில்லை. அதைச் சிறிது சிறிதாக அகற்றி, பழைய மரங்களைத் தீவுவாசிகள் இன்று மீண்டும் நடுகின்றனர். காட்டைக் காப்பதும் கிணற்றைக் காப்பதும் அவர்களுக்கு ஒரே வேலை.

2017இல் அங்கு வர்த்தக விமான சேவை தொடங்கியது. வரும் பொதிகளில் விதையோ பூச்சியோ உள்ளதா என அதிகாரிகள் பார்க்கின்றனர். சில ஆடுகளால் ஒரு தீவுக்கு என்ன நேரும் என்பதை அத்தீவு மக்கள் ஏற்கெனவே கண்டவர்கள்.