முதல் ஆள் ஜெயித்தால் போதாது. 4-வது ஆளும் வந்து சேரணும்!

மேடு, பள்ளம் தாண்டும் குழு ஓட்டம்: செஞ்சி மலை முதல் பாரிஸ் வரை

திண்டிவனம்-

முடிவுக் கோட்டுக்கு இன்னும் 30 மீட்டர்தான் பாக்கி. அந்த வீரர் நின்றுவிட்டார்!

ஓடி முடித்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. வெயில் மூளையைக் கலக்கிவிட்டது. திரும்பி, வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். கூட்டம் கூச்சல் போட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. மறுபடி திரும்பி, தள்ளாடித் தள்ளாடிக் கோட்டைத் தாண்டினார்.

அவர் வாங்கிய இடம் 12. ஆனால் அந்த 12-வது இடம்தான் அவர் நாட்டுக்குத் தங்கப் பதக்கம் வாங்கிக் கொடுத்தது!

இது நடந்தது 1924-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி, பாரிஸ் ஒலிம்பிக்கில். வீரரின் பெயர் ஹெய்க்கி லீமடைனன். பின்லாந்து நாட்டுக்காரர்.

12-வதாக வந்தவர் எப்படித் தங்கம் வாங்கித் தர முடியும்? அங்கேதான் இருக்கிறது 'கிராஸ் கன்ட்ரி' ஓட்டத்தின் சூட்சுமம்.

ரோடும் இல்லை, டிராக்கும் இல்லை!

மைதானத்தில் வெள்ளைக் கோடு போட்டு ஓடுவது ஒரு வகை. தார் ரோட்டில் ஓடும் மாரத்தான் இன்னொரு வகை. கிராஸ் கன்ட்ரி இரண்டிலும் சேராது. புல்வெளி, சேறு, மணல், மேடு, பள்ளம் என்று இயற்கையாக இருக்கிற நிலத்திலேயே ஓட வேண்டும்.

இங்கிலாந்துப் பள்ளிக்கூடப் பையன்களின் விளையாட்டில் இருந்து பிறந்தது இது. ஒருவன் முயல் மாதிரி முன்னால் ஓடி, காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே போவான். மற்றவர்கள் வேட்டை நாய்கள் மாதிரி அந்தத் தடம் பார்த்துத் துரத்துவார்கள்.

1876-ல் அங்கே முதல் தேசியப் போட்டி வைத்தார்கள். என்ன ஆச்சு தெரியுமா? ஓடிய அத்தனை பேரும் காட்டுக்குள் வழி தவறிவிட்டார்கள்! போட்டி செல்லாது என்று அறிவித்து, மறு ஆண்டு மறுபடி நடத்தினார்கள்.

உலகப் போட்டி இந்தப் பெயரில் 1973-ல் பெல்ஜியத்தில் தொடங்கியது. இப்போது ஆண்களுக்கும் 10 கிலோ மீட்டர், பெண்களுக்கும் 10 கிலோ மீட்டர். பெண்களுக்கு இந்தச் சம தூரம் கிடைத்தது 2017-ல்தான்.

கணக்கு இப்படித்தான்!

இந்த ஓட்டத்தில் தனி ஆளுக்கும் பரிசு உண்டு, குழுவுக்கும் பரிசு உண்டு. குழுவில் 6 பேர் ஓடினால் முதலில் வரும் 4 பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ, அவர்களுக்குத்தான் கோப்பை.

ஒரு கற்பனைக் கணக்குப் பார்ப்போம். விழுப்புரமும் திண்டிவனமும் மோதுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்துப் பையன்கள் இரண்டு பேர் புலிகள். 1, 2 என்று பறந்துவிட்டார்கள். அடுத்த இருவர் 19, 23. கூட்டினால் 45.

திண்டிவனத்தில் நட்சத்திரம் யாரும் கிடையாது. ஆனால் 4 பேரும் ஒருவரை ஒருவர் விடாமல் ஒட்டிக்கொண்டு ஓடினார்கள். 6, 8, 9, 11. கூட்டினால் 34.

கப் யாருக்கு? திண்டிவனத்துக்கு!

மொத்தம் சமமாகிவிட்டால்? எந்த அணியின் 4-வது ஆள் முன்னால் வந்தாரோ அந்த அணிக்கே வெற்றி. 4 பேர் முடிக்காவிட்டால் அந்த அணி கணக்கிலேயே வராது. 5-வது, 6-வது ஆளும் சும்மா இல்லை. அவர்கள் எதிரணி ஆளை முந்தினால் எதிரணியின் எண் ஒன்று கூடும். ஆக, 'நான்தான் பின்தங்கிட்டேனே, இனிமேல் நடந்தால் என்ன?' என்று இதில் யாரும் சொல்ல முடியாது.

பாரிஸில் 3 பேர் முடித்தாக வேண்டும் என்பது விதி. பின்லாந்தின் பாவோ நூர்மி முதல் ஆளாக, அலட்டிக்கொள்ளாமல் வந்துவிட்டார். இரண்டாவது வில்லே ரிட்டோலா, அவரும் பின்லாந்துதான். அதற்கப்புறம்? வழியெல்லாம் வீரர்கள் சுருண்டு விழுந்துகொண்டு இருந்தார்கள். புறப்பட்ட 38 பேரில் முடித்தது 15 பேர்தான். பின்லாந்தின் மூன்றாவது ஆளாகத் தேறியவர் லீமடைனன் ஒருவரே. அவர் அந்த 30 மீட்டரைத் தாண்டாமல் போயிருந்தால், நூர்மி எத்தனை வேகமாக ஓடியும் குழுப் பதக்கம் கிடைத்திருக்காது.

அன்றைய கோரத்துக்குப் பிறகு ஒலிம்பிக்கில் இருந்து இந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

நம்ம பக்கத்து மலைகள்

'விழுப்புரம் ஜங்ஷன் ஊராச்சே, சப்பட்டையான பூமியாச்சே, இங்கே ஏது மலை?' என்று கேட்கிறீர்களா?

திண்டிவனத்தில் இருந்து திருவண்ணாமலை ரோட்டில் சுமார் 30 கிலோ மீட்டர் போனால் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. பின்னால் அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயர் படை 1698 வரை ஆண்டுக்கணக்கில் முற்றுகை போட்டும் திணறிய கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் முருகன் குன்று இருக்கிறது. விழுப்புரம் பக்கம் பனமலையில் ஏரியும், பல்லவர் கட்டிய கோவில் நிற்கும் குன்றும் உண்டு. ஏரிக்கரை, கரம்பு நிலம், செம்மண் பள்ளம் ஆகியவற்றுக்குப் பஞ்சமே இல்லை.

செஞ்சிக் கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் பந்தயம் வைக்க முடியாது. அது பாதுகாக்கப்பட்ட சின்னம். ஆனால் பயிற்சிக்குக் கோட்டைப் படி எதற்கு? ஏரிக்கரை மேட்டில் 10 தடவை ஏறி இறங்கினால் போதும், தொடை சொல்லும் கதையே வேறு!

மேட்டில் எப்படி? இறக்கத்தில் எப்படி?

மேட்டில் ஏறும்போது எட்டு வைப்பதைச் சின்னதாக்க வேண்டும். கைகளை நன்றாக வீச வேண்டும். சமதளத்தில் ஓடிய அதே வேகத்தில் ஏறுவேன் என்று அடம் பிடித்தால் பாதி மேட்டிலேயே மூச்சு வாங்கிவிடும். வேகம் குறையட்டும், உழைப்பு மட்டும் ஒரே அளவில் இருக்கட்டும். மலை உச்சியை அண்ணாந்து பார்க்கக் கூடாது. நாலு எட்டு முன்னால் தரையைப் பார்த்தால் போதும்.

உச்சி வந்ததும் பலர் 'அப்பாடா' என்று தளர்ந்துவிடுவார்கள். எதிரியை முந்த வேண்டிய இடமே அதுதான்!

இறக்கம் சுலபம் என்று நினைப்பது தப்பு. இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. அதனால்தான் மறுநாளும் அதற்கு மறுநாளும் மாடிப்படி இறங்க முடியாமல் வலிக்கும். பின்னால் சாய்ந்து பிரேக் போடாமல், குட்டி எட்டாக, விரைவாக இறங்க வேண்டும்.

தனியாகப் பாய்ந்தவர் கதை

2017-ல் உகாண்டா நாட்டின் கம்பாலாவில் உலகப் போட்டி. சொந்த ஊர்க் கூட்டம் ஆரவாரம் செய்ய, ஜோஷுவா செப்டகெய் தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடினார். தங்கம் அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். கடைசிச் சுற்றில் கால் பின்னியது. ஒருவர் பின் ஒருவராக முந்திப் போக, அவர் 30-வது ஆளாக வந்து சேர்ந்தார்!

ஆனாலும் மற்றவர்கள் விடவில்லை. உகாண்டா அணிக்கு வெண்கலம் கிடைத்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 2019-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் மறுபடி உலகப் போட்டி. அங்கே அருங்காட்சியகம் ஒன்றின் சரிவான புல் கூரை மேலேயே ஏறி ஓட வேண்டும்! இந்தத் தடவை செப்டகெய் பொறுமையாக ஓடினார். அவர் முதலிடம், ஜேக்கப் கிப்லிமோ இரண்டாம் இடம், அடுத்த இருவர் 7, 10. கூட்டுத்தொகை 20. உகாண்டாவுக்குக் குழுத் தங்கம்!

கென்யா ஆண்கள் 1986 முதல் 2003 வரை தொடர்ந்து 18 முறை குழுப் பட்டம் வாங்கினார்கள். கூட்டமாகப் பயிற்சி, கூட்டமாக ஓட்டம். அதுதான் அவர்கள் பலம்.

வேலைக்காக ஓடும் பையன்கள்

இங்கே விடியற்காலையில் ரோட்டோரம் ஓடும் பையன்களைப் பார்த்து, 'என்னப்பா, நாய் துரத்துதா?' என்று டீக்கடையில் கேலி பேசுவது உண்டு. துரத்துவது நாய் அல்ல, வேலை! தமிழ்நாடு காவல் துறையில் சேர ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ராணுவத்துக்கு 1.6 கிலோ மீட்டர் ஓட்டம்.

தனியாக ஓடுபவனுக்கு அலாரம் அடித்தாலும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றும். தெருமுனையில் நாலு பேர் காத்து நின்றால்? 'டேய், எழுந்திருடா' என்று ஒரு குரல் வந்தால்? எழுந்துதான் ஆக வேண்டும். குழு ஓட்டத்தின் முதல் லாபம் அதுதான்.

வெயில் ஜாக்கிரதை!

பாரிஸ் வெயிலே 23 பேரைச் சாய்த்தது என்றால், நம்ம சித்திரை வெயில் சும்மா விடுமா? சூரியன் ஏறுவதற்குள் ஓடி முடித்துவிட வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

கூட ஓடுபவன் உளறினாலோ, தள்ளாடினாலோ, திசை மாறிப் போனாலோ அது சாதாரணக் களைப்பு இல்லை. உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுவதும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. 108-க்கு போன் போட வேண்டும். அந்த நேரத்தில் கப் போனால் போகட்டும். உயிர்தான் பெரிசு.

லீமடைனன் பிழைத்தது அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

அடுத்த தடவை ஏரிக்கரையில் பையன்கள் கூட்டமாக ஓடுவதைப் பார்த்தால், முதலில் போகிறவனுக்குக் கை தட்டுங்கள். தப்பில்லை. ஆனால் கொஞ்சம் பொறுங்கள். மூச்சிரைக்க, முகம் சிவக்க, பின்னால் ஒருவன் வருவான். அவனுக்கும் ஒரு கைத்தட்டல் கொடுங்கள்.

கப் அவன் கையில்தான் இருக்கிறது!