கண்ணாடியிழை நீச்சல் குளத்தின் அடுக்குகள்

கண்ணாடியிழை நீச்சல் குளம் என்பது தொழிற்சாலையில் ஒரே தொட்டியாக வார்க்கப்பட்டு, பின்னர் குழியில் இறக்கிப் பொருத்தப்படும் குளமாகும். இது உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக உருவாகிறது. கவிழ்த்த தொட்டி போன்ற அச்சின் மீது முதலில் தெளிக்கப்படும் பூச்சே, பின்னர் நீந்துவோரின் காலில் படும் பரப்பாக அமைகிறது.

ஜெல்கோட் எனப்படும் அப்பூச்சு நிறமி கலந்த பிசினாகும். இதன் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நிறத்தையும் வழவழப்பையும் தருவது இதுவே. எனினும் இது நீரை முற்றிலும் தடுப்பதில்லை. மெல்ல ஊடுருவும் நீர், பின்னுள்ள பிசினில் எஞ்சிய கரையும் பொருள்களைக் கரைக்கிறது. அவ்வாறு உண்டாகும் அடர்கரைசல் சவ்வூடு பரவலால் மேலும் நீரை ஈர்க்க, அழுத்தம் கூடி, ஜெல்கோட்டில் கொப்புளங்கள் எழுகின்றன. கண்ணாடியிழைப் படகுகளிலும் இதே சிக்கல் உண்டு.

இதைத் தடுக்கவே ஜெல்கோட்டுக்கு அடுத்த அடுக்கில் வினைல் எஸ்டர் பிசின் பயன்படுகிறது. நீரால் சிதையக்கூடிய எஸ்டர் பிணைப்புகள் இதில் குறைவு. சாதாரண பாலியெஸ்டர் பிசினைவிட இதன் விலை அதிகம். விலைக்காக இதைத் தவிர்த்தாலும் புதிய குளத்தில் வேறுபாடு தெரியாது; ஆண்டுகள் கழிந்தே வெளிப்படும். ஆகவே குளம் வாங்குவோர் நிறத்துக்கு முன் விசாரிக்க வேண்டியது இந்த அடுக்கைத்தான்.

இதன் பின்னே துண்டாக்கிய கண்ணாடியிழையும் நெய்த இழைத்துணியும் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்துப் படியவைக்கப்படுகின்றன. வலிமையைத் தருவது இழை. அதைப் பிணைப்பது பிசின். ஒவ்வொரு படிவையும் உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுவர். குமிழ் தங்கிய இடம் பின்னர் பலவீனமாகும்.