கேப்சர் கருவி வாங்கியவர்களே, ஆன்ட்டிவைரஸை அணைக்காதீர்கள்

பழைய கல்யாண கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போய் வங்கிக் கணக்கைக் கோட்டைவிட்டவர்களின் கதை அடிக்கடி காதில் விழுகிறது. எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஆன்லைனில் வாங்கிய யுஎஸ்பி கேப்சர் கருவியோடு உள்ளங்கை அளவில் ஒரு சிடி வருகிறது. டிரைவரும், படத்தைக் காட்டிப் பதிவுசெய்யும் சின்ன மென்பொருளும் அதில்தான் இருக்கின்றன. இன்றைய லேப்டாப்பிலோ சிடி போட இடமே கிடையாது. உடனே நெட்டில் தேடி, கண்ணில் படும் முதல் 'டவுன்லோடு' பட்டனை அழுத்திவிடுகிறார்கள்.

இறங்குவது பல நேரம் டிரைவரே இல்லை. 'டிரைவர் அப்டேட்டர்' என்ற பெயரில் வரும் விளம்பரக் குப்பை, அல்லது பாஸ்வேர்டு திருடும் நிரல். 'ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று அந்தத் தளமே சொல்லும். அணைக்காதீர்கள். விண்டோஸ் செய்யும் டிரைவர் கையொப்பச் சோதனையை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

'ஈஸிகேப்' என்ற ஒரே பெயரில், ஒரே உறையில் விற்பவற்றின் உள்ளே சின்டெக், எம்பியா, சோமேஜிக், ஃபுஷிகாய் என்று வெவ்வேறு சிப்புகள் இருக்கும். ஒன்றின் டிரைவர் இன்னொன்றுக்கு ஆகாது. டிவைஸ் மேனேஜரில் கருவியின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் என்று போய், 'ஹார்டுவேர் ஐடிஸ்' பாருங்கள். விஐடி, பிஐடி என்று வரும் எண்களைக் குறித்து விற்றவருக்கு அனுப்பி, அதற்கான டிரைவரைக் கேளுங்கள். வந்த கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிச் சோதித்த பிறகே திறங்கள்.

சிடியில் வந்த மென்பொருள் இல்லையே என்ற கவலை வேண்டாம். டிரைவர் சரியாக ஏறிவிட்டால் ஓபிஎஸ் ஸ்டூடியோவோ விஎல்சியோ போதும். இரண்டும் இலவசம்; அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஓபிஎஸ்ஸின் 'கன்ஃபிகர் வீடியோ'வில் வீடியோ ஸ்டாண்டர்டை 'பிஏஎல்-பி' என்று வையுங்கள். நம் ஊரில் எடுத்த கேசட்டுகள் பிஏஎல் முறையில் பதிவானவை. அந்த ஸ்டாண்டர்டு என்டிஎஸ்சியில் நின்றால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது உருண்டுகொண்டே இருக்கும். அதைப் பார்த்து 'டிரைவர் சரியில்லை' என்று மறுபடி தேடப் போய்த்தான் பலர் மாட்டுகிறார்கள்.

விற்றவர் டிரைவர் தராமல் இழுத்தடித்தால் விடாதீர்கள். 'விண்டோஸ் 11இல் இயங்கும்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அதை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்; நாளை அந்த வரி இருக்காது. பில், ஆர்டர் எண், டிவைஸ் மேனேஜர் காட்டும் மஞ்சள் முக்கோணத்தின் படம் ஆகியவற்றையும் சேருங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளம் தன் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட்டாக வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் 'ஓகே சார், பார்க்கிறோம்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எதுவும் நடக்காது, மின்னஞ்சலில் எழுதுங்கள்.

அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே சமரசம்தான் பேசுவார்கள். உத்தரவு போட முடியாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, வக்கீல் இல்லாமலே, இ-ஜாக்ருதி தளத்தின் வழியாக மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 'எண்ணூறு ரூபாய்க்கு யார் அலைவது' என்று நாம் ஒதுங்குவதை நம்பித்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது.

பணமே போய்விட்டால் முதல் வேலை நெட்டைத் துண்டிப்பது. அடுத்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்; எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். காவல் நிலையத்தில் 'இது எங்க எல்லை இல்லை' என்றால், எல்லை பார்க்காமல் புகாரைப் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173ஆம் பிரிவு சொல்வதை எடுத்துக்காட்டுங்கள். வங்கியின் 'கஸ்டமர் கேர்' எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றுவது அந்த லேப்டாப்பில் அல்ல, வேறொரு போனில்.