அந்தி வெளிச்சமும் இருகண்நோக்கியின் விலையும்



பெரிய கடை ஒன்றில் இரண்டு இருகண்நோக்கிகள் அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன என்று கொள்வோம். பைனாகுலர் என்று நாம் வழங்கும் கருவியையே இருகண்நோக்கி என்கிறேன். இரண்டின் மீதும் 8×42 என்னும் ஒரே குறியீடு பொறிக்கப்பட்டுள்ளது. ஒன்றன் விலை 30,000 ரூபாய். மற்றதன் விலை 2 இலட்சம் ரூபாய்க்கும் மேல். கடை வாயிலில் நின்று, எதிர்ச்சாரியிலுள்ள பெயர்ப்பலகையை இரண்டின் வழியாகவும் பார்க்கிறோம். எழுத்துக்கள் இரண்டிலும் தெளிவாகவே தெரிகின்றன. அங்ஙனமாயின் ஏறத்தாழ ஏழு மடங்கு விலை எதற்காக? பெயருக்காகவா, பொருளுக்காகவா?

இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், இத்தகைய கருவிகள் எவருடைய தேவைக்காகச் செப்பம் பெற்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் உள்ள வேட்டைக்காரர்களே அவற்றுக்கு நெடுங்கால வாடிக்கையாளர்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது, அது நன்றே. ஆயினும் அந்த நாடுகளில் தேர்வு எழுதித் தேறி உரிமம் பெற்றவர்கள் இன்றும் வேட்டையாடுகிறார்கள். அவர்களுடைய முறை வேறு. காட்டின் ஓரத்தில் மரத்தால் கட்டிய உயரமான பரண் ஒன்றில் ஏறி, அசையாமல் அமர்ந்திருப்பார்கள். பகலெல்லாம் புதருள் மறைந்திருக்கும் மானும் காட்டுப்பன்றியும் பொழுது சாயும் வேளையில்தான் வெளியே வரும்.

1952-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற ஜெர்மானிய வேட்டைச் சட்டம் இங்கே ஒரு நுட்பமான எல்லையை வகுத்தது. மான் முதலிய குளம்புள்ள விலங்குகளை இரவில் சுடலாகாது. காட்டுப்பன்றிக்கு மட்டும் விலக்கு உண்டு. இரவு என்பது எது? கதிரவன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத் தொடங்கி, உதயத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வரை உள்ள காலமே இரவு என்று அச்சட்டம் கூறுகிறது. ஆகவே, சூரியன் மறைந்த பின்னரும் ஒன்றரை மணி நேரம் வேட்டைக்காரர் பரணில் இருக்கலாம். அந்த நேரத்தின் கடைசி அரை மணியில் வெறுங்கண்ணுக்குத் தெரிவது கருமையான ஓர் உருவம் மட்டுமே.

அவ்வுருவம் எது என்று துணிவதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அது கிடாவா, பிணையா? பிணையாயின் அதை நம்பிக் குட்டி எங்கேனும் புல்லில் படுத்திருக்கிறதா? குட்டிகளை வளர்க்கும் தாய் விலங்கைச் சுடுவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, தாயை இழந்த குட்டிகள் பட்டினியால் மாளும் என்பது வேட்டைக்காரருக்குத் தெரியாததன்று. விலங்கின் இனம், பால், வயது ஆகியவற்றைச் சுடுவதற்கு முன் கண்டுணர்வதற்கு ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் 'அன்ஷ்ப்ரெஹன்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அச்சொல்லுக்கு 'அழைத்துப் பேசுதல்' என்பது பொருள். துப்பாக்கி விசையை இழுத்தபின் திருத்திக்கொள்ள முடியாத பிழை அது. இதனால், மங்கலான ஒளியில் கொம்பின் நுனியைக் காட்டவல்ல கண்ணாடிக்கு அவர்கள் எவ்வளவு விலையும் கொடுக்க முன்வந்தார்கள்.

இனி, கருவியின் உள்ளே நடப்பதைக் காண்போம். 8×42 என்பதில் 8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன்புறத்து வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் 5.25 கிடைக்கும். கருவியைக் கையெட்டும் தூரத்தில் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால், கண் வைக்கும் வில்லையில் சிறிய ஒளிவட்டம் ஒன்று மிதப்பது தெரியும். அதன் விட்டமே இந்த 5.25 மில்லிமீட்டர். கருவி திரட்டிய ஒளி முழுவதும் அவ்வட்டத்தின் வழியாகவே நம் கண்ணுக்குள் புகுகிறது.

நம் கண்ணின் பாவை பட்டப்பகலில் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் அளவே திறந்திருக்கும். ஆகவே கடை வாயிலில் நின்று பார்த்தபோது, அந்த வட்டத்தின் நடுப்பகுதி ஒளியை மட்டுமே நாம் ஏற்றுக்கொண்டோம், எஞ்சியது வீணாயிற்று. வில்லையின் நடுப்பகுதி மலிவான கருவியிலும் ஓரளவு நன்றாகவே அமைந்துவிடுகிறது. வேறுபாடு தோன்றாததன் இரகசியம் இதுதான். விலை உயர்ந்த கருவியில் நாம் பணம் கொடுத்து வாங்குவது எதுவோ, அது நண்பகலில் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை.

இருள் சூழச் சூழப் பாவை விரிகிறது. இளைஞர்களுக்கு அது ஏழு மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் 8×56 என்னும் பெருங்கருவியை விரும்பியதன் காரணம் இப்போது விளங்கும்: 56-ஐ 8-ஆல் வகுத்தால் சரியாக 7. ஆனால் வயது ஏற ஏறப் பாவை விரியும் ஆற்றல் குறைகிறது. என்னைப் போல் அறுபதைக் கடந்தவர்களுக்கு ஐந்து மில்லிமீட்டர் வரை விரிந்தாலே பெரிது. பெருங்கருவியின் ஒளி நம் கருவிழி மேல் விழுந்து வீணாகும். அத்தகைய கருவிகளை வாங்கும் வசதி பெரும்பாலும் இந்த வயதில்தான் வருகிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அடுத்தது, உள்ளே புகுந்த ஒளியில் எவ்வளவு பங்கு வெளியே வருகிறது என்பது. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு ஒளி எதிரொளித்துத் திரும்பிவிடும். இருகண்நோக்கியின் ஒவ்வொரு குழலிலும் வில்லைகளும் பட்டகங்களும் சேர்ந்து பத்துப் பரப்புகளேனும் இருக்கும். கணக்கிட்டுப் பாருங்கள்: நூறு பங்கு புகுந்தால் அறுபத்தாறு பங்குதான் மிஞ்சும். 1935-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மக்குலா என்பவர், எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சுக்குக் காப்புரிமை பெற வழிசெய்தார். மக்னீசியம் ஃபுளோரைடு போன்ற பொருளால் ஒற்றைப் பூச்சிட்டால் பரப்பு ஒன்றுக்கு இழப்பு ஒன்றரைப் பங்காகக் குறையும். நூற்றுக்கு எண்பத்தாறு பங்கு கண்ணை எட்டும். பல அடுக்குப் பூச்சிட்டால் இழப்பு அரைப் பங்குக்குக் கீழே இறங்கிவிடும்.

இன்றைய நடுத்தர விலைக் கருவிகளிலும் பல அடுக்குப் பூச்சு வந்துவிட்டது. ஆகவே உயர்ந்த கருவி நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒளியைத் தருமாயின், நல்ல நடுத்தரக் கருவி எண்பத்தைந்து பங்கைத் தந்துவிடும். இந்த ஐந்து பங்கு வேறுபாட்டை நம் கண் உணர்வது அரிது. மாறாக, 42 மில்லிமீட்டர் வில்லைக்குப் பதிலாக 56 மில்லிமீட்டர் வில்லையை அமைத்தால், பரப்பளவுக் கணக்கின்படி ஒளி நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு மிகுதியாகத் திரள்கிறது. எனவே, பாவை நன்கு விரியும் இளைஞர் ஒருவருக்கு, நடுத்தர விலையுள்ள 8×56 கருவி, மிக உயர்ந்த விலையுள்ள 8×42 கருவியைவிட அந்தியில் ஒளிமிக்க காட்சியைத் தரும். விலைச்சீட்டை மட்டும் பார்ப்பவர் இதை எண்ணுவதில்லை.

பின் உயர்ந்த விலை எங்கேதான் போகிறது? முதலாவதாகப் பட்டகத்துக்கு. பருமனான பழைய கருவிகளில் உள்ள பட்டக அமைப்பு, 1854-ஆம் ஆண்டில் இத்தாலியராகிய போரோ கண்டது. அதைச் செம்மையாகச் செய்வது எளிது. ஆகையால் குறைந்த விலையிலும் நல்ல கருவி கிடைக்கும். நேர்க்குழலாக மெலிந்து தோன்றும் இக்காலக் கருவிகளிலோ கூரைப்பட்டகம் இருக்கிறது. வீட்டுக் கூரைபோல் சாயும் அதன் இரு பரப்புகள் மிக நுண்ணிய அளவுக்குப் பிசகாமல் செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். ஒளி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும்போது அலைகள் ஒன்றோடொன்று ஒவ்வாமல் காட்சியைச் சிறிது மழுக்குகின்றன. இக்குறையை நீக்கும் பூச்சு 1988-ஆம் ஆண்டில்தான் வழக்கத்துக்கு வந்தது. இன்று அப்பூச்சும் நடுத்தரக் கருவிகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. முன்பு செல்வர்க்கு மட்டும் உரியதாயிருந்தது இப்போது பலர்க்கும் எட்டுகிறது.

ஆனால் இன்னொன்று அவ்வளவு எளிதில் கீழே இறங்கி வரவில்லை. மேற்கு வானம் இன்னும் செக்கர் படர்ந்து ஒளிர்கிறது. அதன் கீழே இருண்ட மரவரிசை. அந்த இருளின் ஓரத்தில் ஒரு மான். இக்காட்சியை நோக்கிக் கருவியைத் திருப்புங்கள். வானத்தின் ஒளி குழலின் உட்சுவர்களில் பட்டுச் சிதறி, மெல்லிய பால்போன்ற மூட்டமாகக் காட்சி முழுவதும் பரவும். இருண்ட பகுதி சாம்பல் நிறமாகும். அதில் நின்ற மான் கரைந்துபோகும். வந்த ஒளி குறைவன்று. வேண்டாத ஒளி கலந்துவிட்டது. இதைத் தடுக்க, குழலின் உட்புறத்தைக் கருமை பூசி, தடுப்பு வளையங்கள் வைத்து, வில்லையின் விளிம்பைக்கூட மெருகு தெரியாமல் மறைத்துச் செய்தல் வேண்டும். இது கருவியின் மீது பொறித்த எண்ணில் வராது. விளம்பரத்திலும் எளிதில் சொல்ல முடியாது. உயர்ந்த கருவிகளின் உண்மையான மேன்மை பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. வேட்டைக்காரர் கேட்ட கடைசி அரை மணி நேரம் அதனால்தான் கிடைக்கிறது.

ஆகவே, அந்நாட்டில் காட்டைக் காக்கும் பணியில் இருந்து, ஆண்டு முழுவதும் அந்தியிலும் விடியலிலும் பரண் ஏறுகிற ஒருவர், முப்பது ஆண்டு உழைக்கும் கருவிக்கு 2,000 யூரோவுக்கு மேல் கொடுத்தால் அதை ஊதாரித்தனம் என்று சொல்லமாட்டேன். ஆண்டில் மூன்று நாள் மட்டும் வேட்டைக்குப் போகும் நகரத்து வணிகர் அதையே வாங்கினால், அவர் வாங்கியது பெருமைதான்.

நமக்கு வருவோம். வேடந்தாங்கலுக்கோ கோடியக்கரைக்கோ பறவை பார்க்கச் செல்லும் மாணவனுக்குக் காலை ஒளியே போதும். நத்தைகுத்தி நாரையைக் கொக்கு என்று தவறாகக் குறித்துக்கொண்டால், மறுநாள் அடித்துத் திருத்திக்கொள்ளலாம். எந்த உயிரும் போகாது. ஆதலால் அவனுக்கு இலட்சங்கள் வேண்டியதில்லை. ஆனால் மிக மலிவானதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். நான் பணியாற்றிய காலத்தில், இயற்கைக் கழகத்துக்கென்று குறைந்த விலையில் நான்கு கருவிகள் வாங்கினோம். இரண்டே மாதத்தில் பிள்ளைகள் அவற்றைத் தொட மறுத்தார்கள். தலைவலி என்றார்கள். சோம்பலுக்குச் சாக்கு என்று கருதி நான் கடிந்துகொண்டேன். பின்னர் நானே அரைமணி நேரம் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. இரு குழல்களும் ஒரே திசையை நோக்காமல் சிறிது விலகியிருந்தன. இரு காட்சிகளையும் ஒன்றாக்கக் கண்ணின் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். குழல்கள் ஒத்து நிற்பது, ஈரம் புகாமல் உள்ளே வறண்ட வாயு அடைத்திருப்பது, பல அடுக்குப் பூச்சு ஆகிய மூன்றும் இருக்கும் விலையே நாம் இறங்கக்கூடிய கடைசிப் படி. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு படிக்கும் விலை இரட்டிக்கும். பயன் சிறிதே கூடும்.

உருப்பெருக்கத்திலும் ஆசை வேண்டா. 10 மடங்கு பெருக்கும் கருவி கையின் நடுக்கத்தையும் பத்து மடங்கு பெருக்கும். 8 மடங்குக் கருவியை ஒரு கைப்பிடிச் சுவர்மேல் ஊன்றிப் பார்ப்பவர், விலையுயர்ந்த 10 மடங்குக் கருவியை வெறுங்கையில் பிடிப்பவரைவிட நுட்பமாகக் காண்பார். சுவருக்கு விலையில்லை.

வாங்கப் போகும்போது சில சோதனைகளை நீங்களே செய்யலாம். முன்புற வில்லையில் விளக்கின் நிழலைப் பாருங்கள்: பச்சையோ ஊதாவோ மங்கலாகத் தெரிந்தால் பூச்சு இருக்கிறது, வெள்ளையாகப் பளிச்சிட்டால் அப்பரப்பில் பூச்சு இல்லை. வானத்தை நோக்கிய தென்னங்கீற்றைப் பாருங்கள்: ஓரத்தில் ஊதா நிறக் கோடு ஓடினால் நிறப்பிறழ்ச்சி மிகுதி. கையெட்டும் தூரத்தில் தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இல்லாமல் ஓரம் வெட்டுண்டிருந்தால் உள்ளே ஒளி எங்கோ தடுக்கப்படுகிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, கடைக்குப் போகும் வேளை. நண்பகலில் போகாதீர்கள். பொழுது மறைந்து, தெருவிளக்குகள் எரியத் தொடங்குவதற்குச் சற்று முன்பாகப் போய், இரண்டு கருவிகளையும் வாயிலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மேற்கே வெளிச்சத்துக்குக் கீழே உள்ள ஒரு மரத்தின் இருண்ட பகுதியைத் தேர்ந்துகொண்டு, முதலில் ஒன்றாலும் பிறகு மற்றதாலும், கிளைகளை எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாகவே வருமானால், 2 இலட்சம் ரூபாய்க் கருவியைக் கடைக்காரரிடம் நன்றியோடு திருப்பிக் கொடுத்துவிடலாம்.